பத்து ரூபாய் யார் பொறுப்பில் இருக்க வேண்டும்?
தா.பழூர் ஒன்றியத்து மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களுக்கும் தங்கைகளுக்கும்,

காலி மதுபாட்டிலைத் திரும்ப வாங்கும் வேலையை, நம் ஒன்றியத்தில் உங்கள் கூட்டமைப்புகள் கேட்டு வாங்க வேண்டும். இந்த மடலை எழுதுவது அதற்காகத்தான். படித்ததும் உங்களில் பாதிப் பேருக்குக் கோபம் வரும் என்று தெரியும். வீட்டுக்காரர் குடித்துப்போட்ட பாட்டிலை எண்ணி அடுக்குவதற்கா நாங்கள் குழு ஆரம்பித்தோம் என்று கேட்பீர்கள். கிராம சபையில் கடையை மூடச் சொல்லி மனுக் கொடுத்த கையால் அந்தக் கடையின் குப்பையை அள்ளச் சொல்கிறாளே என்பீர்கள். நியாயமான கோபம்தான். அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மடலை முடிக்க மாட்டேன். அதற்கு முன்னால் நம் கால்களைப் பற்றிப் பேச வேண்டும்.

கோடாலிகருப்பூரிலிருந்து ஸ்ரீபுரந்தான் வரை கொள்ளிடக் கரையோரம் வயலில் இறங்கும் பெண்கள் எல்லோரும் செருப்பை வரப்பில் விட்டுவிட்டுத்தான் இறங்குகிறோம். நாற்றுப் பறிப்பும் நடவும் களையெடுப்பும் வெறுங்காலில் நடக்கிற வேலைகள். பாட்டில் உடைவது வரப்பில், சில்லு போய்ச் சேருவது சேற்றில். சேற்றுக்குள் கிடப்பது கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். கிழிபட்ட பாதத்தைத் துணியால் கட்டிக்கொண்டு அன்றைய நடவை முடித்துவிட்டு, மறுநாள் ஊசி போடப் போனவர்கள் உங்கள் குழுவிலேயே இருப்பார்கள். அந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் கூலி கிடையாது. நூறு நாள் வேலையில் வாய்க்கால் தூர்வாரும்போது மண்வெட்டியில் மண்ணோடு கண்ணாடியும் வருவது நமக்குப் புதிதில்லை. ஆடிப்பெருக்கன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மதனத்தூர்ப் பக்கம் ஆற்றில் இறங்கும்போது எத்தனை தாய்மார் முதலில் மணலைக் காலால் தடவிப் பார்க்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா?

பாட்டில் வயலுக்கு வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 2003 நவம்பரில் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் தன் கையில் எடுத்தது. விற்பனை பெருகியதோடு, குடிப்பவர் பாட்டிலை வாங்கிக்கொண்டு வெளியே போய்க் குடிப்பதும் பெருகியது. பிறகு 2016 டிசம்பரில் நெடுஞ்சாலை ஓரத்தில் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விபத்தைக் குறைக்க வந்த நல்ல உத்தரவு அது. ஆனால் 2017-ல் தமிழ்நாடு முழுக்க என்ன நடந்தது? சாலையை விட்டு விலகிய கடைகளுக்கு ஊருக்குள்ளும் வயல்வெளி ஓரத்திலும் இடம் தேடினார்கள். பெண்கள் தெருவில் உட்கார்ந்து மறித்தார்கள். சில ஊர்களில் ஜெயித்தார்கள், பல ஊர்களில் முடியவில்லை. 2023 ஜூன் 22 அன்று அரசு 500 கடைகளை மூடியது. மூடியது போக மிச்சம் நாலாயிரத்துக்கும் மேல். 2023-24-ல் டாஸ்மாக் வருவாய் 45,855 கோடி ரூபாய். அந்தக் கோடிகளுக்குப் பின்னால் எத்தனை கண்ணாடி பாட்டில் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தப் பாட்டிலுக்கு ஒரு வழி பிறந்தது நீலகிரியில். காட்டில் உடைந்து கிடக்கும் பாட்டில் யானையின் பாதத்தைக் கிழிக்கிறது என்ற விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வன வழக்குகளைக் கேட்கும் சிறப்பு அமர்வுக்கு வந்தது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கு, காலியைத் திருப்பிக் கொண்டுவந்தால் அந்தப் பத்தைத் திருப்பிக் கொடு என்ற ஏற்பாடு 2022 மே 15 முதல் நீலகிரி மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. பத்துப் பாட்டிலில் ஒன்பதுக்கு மேல் திரும்பி வருவதாகப் பின்னர் டாஸ்மாக்கே நீதிமன்றத்தில் சொன்னது. வெறும் பத்து ரூபாய் இதைச் செய்தது. அடுத்த சுற்றில் சேர்க்கப்பட்ட மாவட்டங்களில் நம் பக்கத்து மாவட்டமான பெரம்பலூரும் ஒன்று. 2007 வரை அரியலூரும் பெரம்பலூரும் ஒரே மாவட்டமாக இருந்தவைதானே. அங்கே ஆகும் காரியம் இங்கே ஆகாது என்று யாரும் சொல்ல முடியாது. கோவை, தருமபுரி, தேனி, நாகப்பட்டினம் என்று விரிந்து, 2025-ல் மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோகும் ஏற்பாடு தொடங்கியது.

தொடங்கியதும் எதிர்ப்பும் வந்தது. எதிர்த்தவர்கள் குடிப்பவர்கள் இல்லை, கடைப் பணியாளர்கள். கடையில் சரக்குப் பெட்டி வைக்கவே இடமில்லை, இதில் காலி பாட்டிலை எங்கே அடுக்குவது என்றார்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் ஸ்டிக்கர் ஒட்டவும், திரும்பி வருவதைச் சரிபார்க்கவும், பணம் எண்ணிக் கொடுக்கவும் கூடுதல் ஆள் எங்கே என்றார்கள். வாய் நாறும் பாட்டிலையும், குடித்துவிட்டுச் சண்டைக்கு நிற்கும் ஆளையும் ஒரே நேரத்தில் சமாளிக்கச் சொல்வது என்ன நியாயம் என்றார்கள். தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் அவர்கள் சொன்னதில் எனக்குத் தவறு எதுவும் தெரியவில்லை. விற்பவன் கையிலேயே திரும்ப வாங்குவதையும் கட்டிவிட்டால் இரண்டு வேலையும் கெடும். மாலை ஏழு மணிக்குக் கடை வாசலில் நூறு பேர் நிற்கும்போது, காலி பாட்டில் கொண்டுவந்தவனைப் பார்த்து அப்புறம் வா என்று சொல்வதுதான் நடக்கும். அப்புறம் வா என்று இரண்டு முறை கேட்டவன் மூன்றாம் முறை பாட்டிலை வாய்க்காலில் எறிவான்.

அதனால்தான் சொல்கிறேன்: பத்து ரூபாய் வைப்பதோடு வேலை முடியவில்லை. அந்தப் பத்தையும் பாட்டிலையும் நிர்வகிக்க ஒரு தனி அமைப்பு வேண்டும். அது எந்த அமைப்பு என்பதில்தான் இந்தத் திட்டத்தின் உயிர் இருக்கிறது.

நம் ஊரில் பாட்டிலுக்கு முன்பணம் புதிதா என்ன? சோடாக் கடையில் பாட்டிலைத் திருப்பித் தராமல் நகர முடியுமா? 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் பொவண்டோ பாட்டில் கடைக்கும் கம்பெனிக்கும் இடையே மரப்பெட்டியில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அங்கே பாட்டில் கம்பெனியின் சொத்து. திரும்பாவிட்டால் அடுத்த நாள் சரக்கு நிரப்ப முடியாது. எனவே பாட்டில் வேண்டும் என்று தவிக்கிற ஒருவர் இருந்தார். குவார்ட்டர் பாட்டிலுக்கு அப்படி ஒருவர் இல்லை. சாராய ஆலைக்கு வேறு பாட்டில் கிடைக்கும், டாஸ்மாக்குக்கு விற்றதோடு சரி, வாங்கியவனுக்குக் காலியானதோடு சரி. பத்து ரூபாய் வைத்ததும் பாட்டிலுக்கு ஒரு விலை வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் அது திரும்பி வந்தே தீர வேண்டும் என்று அக்கறைப்படுகிற ஆள் வந்துவிடவில்லை. அந்த ஆளை நாம்தான் நியமிக்க வேண்டும்.

மற்ற நாடுகள் இந்த இடத்தில்தான் மண்டையை உடைத்துக்கொண்டன. நார்வேயில் 1999 முதல் பானக் கம்பெனிகளும் கடைக்காரர்களும் சேர்ந்து வைத்த ஒரு நிறுவனம் இதை நடத்துகிறது, இன்று அதன் பெயர் இன்ஃபினிட்டம். அங்கே பானக் கொள்கலனுக்குச் சுற்றுச்சூழல் வரி உண்டு. திரும்ப வரும் அளவு கூடக் கூட அந்த வரி குறையும், 95 விழுக்காட்டைத் தொட்டால் வரியே இல்லை. ஆகவே ஒவ்வொரு கம்பெனியும் தன் பாட்டில் திரும்பி வர வேண்டும் என்று ஆசைப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2017 டிசம்பரில் தொடங்கியபோது வேலையை இரண்டாகப் பிரித்தது. பணத்தையும் கணக்கையும் பார்க்க ஒரு நிறுவனம், ஊர் ஊராகச் சேகரிப்பு இடங்களை நடத்த வேறொரு நிறுவனம். கணக்குப் பார்ப்பவரும் பாட்டில் வாங்குபவரும் ஒரே ஆளாக இல்லாததால் ஒருவர் சொல்வதை மற்றவரை வைத்துச் சரிபார்க்க முடிகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் வேலைக்குப் போயிருக்கும் சிங்கப்பூரிலும் இப்படி ஒரு திட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 என்று நாள் குறித்தார்கள். பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் 10 சென்ட் முன்பணம். நடத்தும் உரிமத்தை அங்கே மூன்று பானக் கம்பெனிகள் சேர்ந்து தொடங்கிய ஒரு நிறுவனத்துக்குத் தேசியச் சுற்றுச்சூழல் முகமை கொடுத்தது.

ஸ்காட்லாந்தின் கதையை மட்டும் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும், ஏனென்றால் அது நேராக நமக்கே ஆகும் எச்சரிக்கை. அங்கே 2021-ல் சர்குலாரிட்டி ஸ்காட்லாந்து என்ற நிறுவனத்தைத் திட்டத்தை நடத்த நியமித்தார்கள். அது கடன் வாங்கியது, ஆள் எடுத்தது, லாரிக்கும் இயந்திரத்துக்கும் ஒப்பந்தம் போட்டது. தொடங்கும் தேதி தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. கண்ணாடியைச் சேர்க்கலாமா கூடாதா என்று எடின்பரோவுக்கும் லண்டனுக்கும் தகராறு வந்தது. கண்ணாடியைச் சேர்க்கக் கூடாது என்று லண்டன் சொல்லிவிட்டது. 2023 ஜூனில், ஒரே ஒரு பாட்டில்கூடத் திரும்பி வருவதற்கு முன்பே, அந்த நிறுவனம் நொடித்துப்போனது. வேலைக்குச் சேர்ந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் சேர்ந்து புதிதாக ஒரு நிறுவனத்தை 2025-ல் நியமித்து, 2027 அக்டோபர் என்று நாள் குறித்திருக்கின்றன. அதிலும் கண்ணாடி இல்லை. கண்ணாடி கனம், கண்ணாடி உடையும், கண்ணாடியைக் கையாளச் செலவு அதிகம் என்பதால் பலரும் அதைத்தான் முதலில் கழற்றிவிடப் பார்க்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. நம் காலைக் கிழிப்பதே கண்ணாடிதான்.

இனி பணத்துக்கு வருகிறேன். இதைத் தீர்மான நோட்டு எழுதிப் பழகிய உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். ஒரு கடையில் நாளுக்கு 1,000 பாட்டில் விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தினம் 10,000 ரூபாய் முன்பணமாகச் சேரும். பத்தில் ஒன்பது திரும்பினால்கூட நாளுக்கு 1,000 ரூபாய் யாரும் கேட்காமல் நின்றுவிடும். ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல், ஒரே கடையில். இந்தக் கேட்கப்படாத பணம் யாருக்கு? பாட்டில் வாங்கும் பொறுப்பில் உள்ளவருக்கே அந்தப் பணமும் போகும் என்றால், பாட்டில் திரும்பாமல் இருப்பதுதான் அவருக்கு லாபம். கதவைச் சீக்கிரம் மூடுவார், ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது என்பார், சில்லறை இல்லை என்பார். எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தன் வருமானத்துக்கு எதிராக ஒருவர் தினமும் உழைக்க மாட்டார். எனவே நடத்தும் அமைப்புக்குக் கூலி, திரும்பி வந்த பாட்டிலை எண்ணித்தான் வர வேண்டும். திரும்பாத பாட்டிலின் பணம் தனிக் கணக்கில் கிடக்க வேண்டும். அந்தக் கணக்கு ஊராட்சியின் கண்ணாடி அகற்றும் வேலைக்கும், வயலில் காயம்பட்டவரின் செலவுக்கும் மட்டுமே திறக்க வேண்டும். வருடம் ஒருமுறை கிராம சபையில் அந்த வரவு செலவை வாசிக்க வேண்டும்.

இந்த அமைப்பாக நீங்களே ஏன் இருக்க வேண்டும்?

பழைய பாட்டில் வியாபாரத்தில் இருக்கும் ஒப்பந்தக்காரர் டெண்டர் போடுவார். லாரியும் குடோனும் அவரிடம் இருக்கும். அவருக்கு முழுப் பாட்டில் வேண்டும், அதுவும் மொத்தமாகக் கிடைக்கும் இடத்தில் வேண்டும். இருகையூர் வாய்க்கால் கரையில் கிடக்கும் ஐந்து பாட்டிலுக்காக அவர் வண்டி வராது. அந்த ஐந்து பாட்டில் உடைந்தால் யார் காலில் ஏறுமோ, அவர்களிடம்தான் இந்தப் பொறுப்பு இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இதுதான்.

திறமை இருக்கிறதா என்று அதிகாரிகள் கேட்டால், 1989-ல் தருமபுரியில் தொடங்கிய நாளிலிருந்து தமிழ்நாட்டுச் சுயஉதவிக் குழுக்கள் சேமிப்பும் உள்கடனும் வங்கிக் கடனும் காசு தவறாமல் கணக்கு எழுதி வந்ததைக் காட்டுங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சர் காலை உணவுத் திட்டத்தில் விடிவதற்கு முன் எழுந்து, பள்ளி மணி அடிப்பதற்குள் பிள்ளைகளுக்கு உப்புமாவும் பொங்கலும் ஆக்கி வைப்பவர்கள் யார்? குழுப் பெண்கள். பொருள் கணக்கு, ஆள் கணக்கு, நேரம் எல்லாம் தினமும் அங்கே நடக்கிறது. அதைவிடக் கடினமான வேலை இல்லை இது.

வெளியே பார்த்தாலும் முன்மாதிரி உண்டு. புனேயில் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், 1993-ல் சங்கம் கட்டினார்கள். அதிலிருந்து ஸ்வச்ச் என்ற கூட்டுறவு பிறந்து, 2008-ல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்து வீடு வீடாகக் குப்பை வாங்குகிறது. குப்பை பொறுக்கியவர்களே அந்த அமைப்பின் உடைமைக்காரர்கள். கேரளத்தில் 2025 செப்டம்பரில் மது பாட்டிலுக்கு 20 ரூபாய் முன்பணம் வைத்துத் திருவனந்தபுரத்திலும் கண்ணூரிலும் சோதனையாகத் தொடங்கியபோது, காலியை வாங்கும் வேலைக்குக் குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பின் பெண்களைத்தான் அழைத்தார்கள். நம் தமிழ்நாட்டு ஏற்பாட்டைப் பார்த்துத்தான் கேரளம் அதைத் தொடங்கியது. பெண்கள் அமைப்பிடம் கொடுப்பதை இப்போது நாம் கேரளத்திடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

முதலில் தள்ளிவைத்த கோபத்துக்கு இப்போது பதில் சொல்கிறேன். கடையை மூடு என்று கேட்பதை நீங்கள் நிறுத்த வேண்டாம். பாட்டில் வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதால் கிராம சபையில் வாய் மூட வேண்டியதும் இல்லை. அப்படி ஒரு நிபந்தனையை யாராவது ஒப்பந்தத்தில் எழுதினால் அந்தக் காகிதத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாளைக்கே எல்லாக் கடையும் மூடினாலும், இருபது ஆண்டாகச் சேற்றில் இறங்கிய கண்ணாடி அங்கேதான் இருக்கும். மூடும் நாள் வரை ஒவ்வொரு இரவும் புதிதாகக் கண்ணாடி சேர்ந்துகொண்டும் இருக்கும். இன்னொன்றும் உண்டு. எந்த ஊரில் எந்தக் கடையிலிருந்து எத்தனை பாட்டில் வருகிறது என்ற கணக்கு உங்கள் கையில் இருந்தால், அடுத்த முறை மனுவோடு அந்தக் கணக்கும் கலெக்டர் அலுவலகம் போகும். இதுவரை நம் மனுக்களில் கண்ணீர் இருந்தது, எண்ணிக்கை இருந்ததில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். குப்பை சம்பந்தப்பட்ட வேலை என்றாலே நம் ஊர்களில் அது எந்தத் தெருவுக்குப் போய்ச் சேரும் என்று எல்லாருக்கும் தெரியும். ஊர்த்தெருக் குழு கணக்கு எழுதும், காலனிக் குழு பாட்டில் அள்ளும் என்று ஆகிவிட்டால், இந்தத் திட்டம் எத்தனை பாட்டிலைத் திரும்ப வாங்கினாலும் அது எனக்கு வேண்டாம். முறை வைத்து எல்லாத் தெருக் குழுவும் எல்லா வேலையும் செய்ய வேண்டும். இதை வாய்வார்த்தையாக விடாமல் தீர்மானத்தில் எழுதுங்கள். ஊராட்சியின் தூய்மைக் காவலர்களிடம் கூலி இல்லாமல் இதையும் தலையில் கட்டும் பேச்சு வரும், அதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் விரும்பினால் உறுப்பினராகச் சேரட்டும், பாட்டிலுக்கு இவ்வளவு என்று அவர்களுக்கும் பங்கு வரட்டும்.

கேட்டு வாங்குவதென்றால் எதைக் கேட்பது? கையாளும் கூலி பாட்டிலுக்கு எவ்வளவு என்பது எழுத்தில் வர வேண்டும், மாதத்துக்கு ஒரு தொகை என்று பொத்தாம் பொதுவாக ஒத்துக்கொள்ளக் கூடாது. திருப்பிக் கொடுக்கத் தினமும் ரொக்கம் வேண்டும். 900 பாட்டில் வந்தால் 9,000 ரூபாய் எண்ணிக் கொடுக்க வேண்டும். அந்தச் சுழல் பணத்தை டாஸ்மாக் முன்கூட்டியே கொடுக்க வேண்டும், உங்கள் சேமிப்பிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது. கொட்டகைக்கும் வண்டிக்கும் வங்கிக் கடன் வாங்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் ஸ்காட்லாந்தை நினைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் தேதியும் குறைந்தது மூன்றாண்டு உறுதியும் போட்ட வேலை ஆணை கைக்கு வருமுன் கடன் பத்திரத்தில் கையெழுத்து வேண்டாம். திட்டம் தள்ளிப்போனால் வட்டியை நீங்கள்தான் கட்டுவீர்கள்.

இடமும் நேரமும் அதே அளவுக்கு முக்கியம். கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. அந்த வாசலில் இரவில் நம் பெண்கள் மேசை போட்டு உட்கார வேண்டும் என்று ஒருவரும் கேட்க முடியாது. அதே நேரம், விற்ற இடத்திலேயே திரும்ப வாங்கினால்தான் அதிகப் பாட்டில் திரும்பும் என்பதும் உலகம் முழுக்கக் கண்ட உண்மை. இதற்கு நான் யோசித்தது: மாலையில் கடையோரத்தில் தனி இடத்தில், கூட்டமைப்பு கூலி கொடுத்து வைக்கும் ஆண்கள் வாங்கட்டும். காலையில் ஊருக்குள், ரேஷன் கடைப் பக்கமோ ஊராட்சிக் கட்டடத்திலோ, நீங்கள் வாங்குங்கள். காலையில் பாட்டில் கொண்டுவருபவர் பெரும்பாலும் குடித்தவராக இருக்க மாட்டார். வீட்டைப் பெருக்கிய மனைவியாக இருப்பார், ஆடு மேய்க்கப் போன பாட்டியாக இருப்பார், கோணிப் பையோடு வரப்பு வரப்பாக நடக்கும் பெரியவராக இருப்பார். அந்தப் பெரியவருக்கு இதுவரை பழைய இரும்புக் கடையில் கிடைத்தது ஏதோ சில்லறை. இனிமேல் பாட்டிலுக்கு முழுசாகப் பத்து ரூபாய். அவரிடம் எங்கே எடுத்தாய், எப்போது வாங்கினாய் என்று கேட்காமல் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் கொண்டுவந்தால் மட்டும் வாங்கக் கூடாது. பத்து ரூபாய் ஆசையில் பள்ளிக்கூடப் பையன் மதுபாட்டில் தேடித் திரியும் நிலை வந்தால் அதற்கு நாம்தான் பொறுப்பு.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்தையும் மறக்கக் கூடாது. மதனத்தூர்ப் பாலத்தைத் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம், அணைக்கரையைத் தாண்டினாலும் அதேதான். அங்கே வாங்கிக்கொண்டு வந்து இந்தக் கரையில் உட்கார்ந்து குடிப்பவர் உண்டு. இங்கே வாங்கி அங்கே போகிறவரும் உண்டு. வாங்கிய கடையில்தான், வாங்கிய மாவட்டத்தில்தான் திருப்ப வேண்டும் என்று விதி வைத்தால் கொள்ளிடப் படுகையில் கிடக்கும் பாட்டில் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். எந்தக் கடைப் பாட்டிலையும் எந்த இடத்திலும் வாங்க வேண்டும். மாவட்டங்களுக்குள் கணக்கை டாஸ்மாக் தீர்த்துக்கொள்ளட்டும்.

கடையோடு ஒட்டிய பார் இன்னொரு சிக்கல். பார் ஏலம் என்பதே தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் எடுத்துக்கொள்ளவும் கொடுக்கும் உரிமைதான். காலி பாட்டிலுக்குப் பார் ஏலம் எடுத்தவர் ஏற்கெனவே அரசுக்குப் பணம் கட்டியிருக்கிறார். அதே பாட்டிலை நீங்கள் வாங்கப் போனால் தகராறு வரும். மிரட்டல்கூட வரலாம். இதை உங்கள் தலையில் விடாமல் ஒப்பந்தம் போடும் முன்பே டாஸ்மாக் மாவட்ட மேலாளர் எழுத்தில் தீர்த்து வைக்க வேண்டும்.

உடைந்த கண்ணாடிக்குத் திட்டத்தில் விலையே இல்லை. முழுப் பாட்டில் வந்தால் பத்து, உடைந்தால் ஒன்றுமில்லை. உடைக்காமல் இருக்க அது நல்ல விதிதான். ஆனால் ஏற்கெனவே வயலில் கிடப்பதை யார் பொறுக்குவது? இதற்குத்தான் கேட்கப்படாத பணக் கணக்கிலிருந்து கிலோவுக்கு ஒரு விலை வைத்து, கோடையில் வயல் காய்ந்து கிடக்கும் நாட்களில் சில்லு பொறுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்குக் கெட்டியான கையுறையும் முழங்கால் வரை வரும் பூட்ஸும் வேண்டும். அதை முதல் நாளே கொடுத்தால்தான் வேலை தொடங்க வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். பேசி, வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் காரணத்தைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். வேண்டும் என்று முடிவானால் தீர்மான நகல் மூன்று எடுங்கள். ஒன்று மகளிர் திட்டத் திட்ட இயக்குநருக்கு, ஒன்று டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கு, ஒன்று மாவட்ட ஆட்சியருக்கு. இப்போது இந்த வேலை யார் கையில் இருந்தாலும், இது ஒப்பந்தம், ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி உண்டு. அந்தத் தேதி என்ன, கேட்கப்படாத பணம் இதுவரை எவ்வளவு, அது எந்தக் கணக்கில் இருக்கிறது என்ற மூன்று கேள்வியையும் தகவல் உரிமைச் சட்டத்தில் தனி மனுவாகப் போடுங்கள். 10 ரூபாய்க் கட்டணம்தான். மனு எழுதுவதற்கும், வரும் பதிலைக் கூட்டத்தில் வாசித்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கும் ஆள் வேண்டும் என்றால், எந்த ஊராட்சிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்களோடு நடவு வயலில் நின்ற ஒருத்தி,
தா.பழூர்